பானை நிரம்பியே இருந்தது

1

என் மகள் வேலை பார்க்கும் கிடங்கின் பணியாளர் கையேட்டில், பதினோராம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இது: உடல்நலம் கருதிப் பணியிடத்தில் மாற்றம் வேண்டும் என்று ஒரு பணியாளர் எழுத்து மூலம் கேட்டால், பத்து வேலை நாட்களுக்குள் அவருக்கு எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும்.

நல்ல விதி. யார் செய்ய வேண்டும் என்று இருக்கிறது, எத்தனை நாளில் என்று இருக்கிறது, 'இயன்றவரை' என்ற சொல் இல்லை. எந்த விதியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான். அது இருந்தால் அங்கே விதி இல்லை என்று அர்த்தம்.

ஜெசிந்தா தன் விண்ணப்பத்தை செப்டம்பர் இரண்டாம் திங்கட்கிழமை கொடுத்தாள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கழிப்பறைக்குப் போய்வரும் நிமிடங்களை, அவள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவி வேலை செய்யாத நேரமாக எண்ணக்கூடாது. அது முடியாது என்றால், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டலம் கட்டும் மேசைக்கு அவளை மாற்ற வேண்டும். மருத்துவர் கொடுத்த கடிதத்தையும் இணைத்திருந்தோம்.

நான் மரக்காணம் உப்பளங்களின் குத்தகைகளைக் கவனித்த அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். முப்பத்து நான்கு ஆண்டுகள். பத்து வேலை நாட்களைப் பத்து மாதங்களாக ஆக்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவி இறந்த பிறகு, நான்கு வருடங்களுக்கு முன், கிளியனூர் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு கனடாவுக்கு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளிநாட்டில் காகிதம் தானாக நகரும் என்று ஊரில் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது போலத்தான் நானும் நினைத்தேன்.

2

இங்கே என் வேலை காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டுவேன். எலுமிச்சை சாதம், அல்லது முந்தின நாள் சப்பாத்தி. பிறகு பாண்டிச்சேரியில் வாங்கி வந்த ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புவேன். அவள் ஐந்தே முக்காலுக்குப் புறப்படுவாள். எட்டு மணிக்குப் பேத்தி எவ்லினைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவேன். மருமகன் ஆல்பர்ட் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். சனி, ஞாயிறுதான் வீட்டில் இருப்பார். அதன்பின் மாலை மூன்றரை வரை ஜன்னல்.

ஜெசிந்தா பாண்டிச்சேரியில் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். அவள் வேலை செய்யும் கிடங்கில் மளிகைச் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து, பொட்டலம் பொட்டலமாகப் போகின்றன. அதே கட்டிடத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தரம் பார்க்கும் சிறிய ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே இடம் காலியானால் உள்ளே வேலை செய்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அந்தக் கதவுக்காகத்தான் அவள் தினமும் அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறாள். ஒரு பொருளை எடுத்து அடுத்த பொருளை எடுக்கும்வரை ஆகும் நேரத்தை மணிக்கட்டுக் கருவி குறித்துக்கொள்ளும். இடைவெளி நீண்டால் மஞ்சள் விளக்கு. வாரத்தில் மூன்று மஞ்சள் வந்தால் மேற்பார்வையாளர் சிரித்த முகத்துடன் பேச வருவார். அவளுடைய பகுதி கட்டிடத்தின் கிழக்கு மூலை. கழிப்பறை மேற்கு மூலை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஏப்ரலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாலையில் அவள் பையிலிருந்து நான் எடுக்கும் பாட்டில் கனமாக இருந்தது.

முதல் நாள், மறந்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைப் புளி போட்டுத் தேய்த்தேன், வாடை அடிக்கிறதோ என்று. மூன்றாம் நாள் வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே வந்தது. வாய் விளிம்பில் காலையில் நான் துடைத்த துணியின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. மூடியைத் திறக்கவே இல்லை.

ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன். தாகம் எடுக்கவில்லை, அங்கே குளிராக இருக்கிறது என்றாள். கிடங்கில் அவள் ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடப்பதாக ஆல்பர்ட் ஒருமுறை சொல்லியிருந்தார். அவ்வளவு நடப்பவளுக்குத் தாகம் எடுக்காது என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். எதை நம்பினால் அடுத்த கேள்வி கேட்க வேண்டியிராதோ அதை நம்புவது என் பழைய தொழில்.

3

மே மாதம் அவளுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. பணியிடத்தில் மன உறுதியை வளர்த்துக்கொள்வது பற்றிய பயிற்சியைச் சிறப்பாக முடித்ததற்காக. ஆறு பாடங்கள், வீட்டில் உட்கார்ந்து கணினியில் பார்க்க வேண்டியவை. ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழ் கட்டாயம். பார்க்கும்போது பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லை.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் திரையில் தோன்றி, கஷ்டம் என்பது வெளியே இல்லை, அதை நாம் எடுத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது என்றார். மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, நான்கு எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னார். மூன்றாம் பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி: வேலையில் உங்களுக்கு அசௌகரியம் ஏற்படும்போது நீங்கள் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான்கு விடைகள். மேலதிகாரியிடம் சொல்வது என்பது இரண்டாவது. ஜெசிந்தா யோசிக்காமல் நான்காவதைத் தொட்டாள்: என் அணுகுமுறையை மாற்றிக்கொள்வேன். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது.

"ரெண்டாவதுதானேம்மா சரி?" என்றேன்.

"அப்பா, நீங்க பரீட்ச எழுதினதே இல்லையா? சரியான பதில் வேற, அவங்க கேக்குற பதில் வேற."

முப்பத்து நான்கு ஆண்டு அரசு ஊழியனைப் பார்த்து அவள் இதைக் கேட்டாள்.

எவ்லின் பள்ளியிலும் அதே வாரம் அதே பாடம். காற்றில் வளையும் மரத்தின் படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். என்மேல் இரக்கம் வந்தால் மட்டும் தமிழ். "தாத்தா, இதுக்குத் தமிழ்ல என்ன வேர்டு?" என்று அவளாகக் கேட்டது எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. மீள்திறன், தாங்குதிறன், மன உறுதி என்று மூன்றை எழுதிக் கொடுத்தேன். மூன்றையும் பார்த்துவிட்டு, எதைச் சொல்வது என்று கேட்டாள். எங்கள் அலுவலகத்தில் புழங்கிய நான்காவது சொல் ஒன்று இருந்தது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டு போனாள்.

அந்தச் சொல் 'பழக்கப்பட்டவர்கள்'.

4

மரக்காணம் உப்பளங்களை நீங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். செல்போனில் படம்கூட எடுத்திருப்பீர்கள். கண் எட்டும் தூரம் வரை பாத்தி, பாத்திக்கு நடுவே வரப்பு, வரப்பு ஓரத்தில் உப்புக் குவியல். மரம் கிடையாது. செடி கிடையாது. முழங்கால் உயரத்துக்குமேல் எதுவும் இல்லாத வெள்ளைத் தரை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவனுக்கு, அரைக் கிலோமீட்டர் தள்ளி வரப்பில் நிற்கும் பெண் கட்டியிருக்கும் புடவையின் நிறம் தெரியும். அழகு என்று நீங்கள் சொல்லும் அதே காரணத்தால் அங்கே ஒரு பெண் ஒதுங்க முடியாது.

அவர்கள் விடிவதற்கு முன் வேலைக்கு வருவார்கள். இருட்டு இருக்கும்போதே ஒதுங்கிவிட்டுப் பாத்தியில் இறங்கினால், மதியம் வீடு திரும்பும்வரை அவ்வளவுதான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. அளத்துக்குப் புதிதாக வரும் மருமகள்களுக்கு உப்பு வாரக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இதைக் கற்றுக்கொடுப்பார்கள்: காலையில் அரை டம்ளருக்கு மேல் வேண்டாம், வாய் வறண்டால் எச்சில் விழுங்கு, தலை சுற்றினால் உட்கார், குடிக்காதே. வெயிலில், உப்பில், ஏழெட்டு மணி நேரம்.

நான் பணியில் இருந்தபோது, காசியம்மா என்ற அளத்துத் தொழிலாளி எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு கொண்டுவந்தாள். நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். அவளுடைய கைநாட்டும் இன்னும் பதினோரு பேரின் கைநாட்டும். கிழக்குப் பகுதி அளத்தில் பொம்பளைகள் ஒதுங்க ஒரு ரூம் கட்டித் தர வேண்டும், தண்ணீர் குடிக்க முடியாமல் நீர்க்கடுப்பு வருகிறது என்று யாரோ பையன் எழுதிக் கொடுத்திருந்தான். தேதி போடவில்லை. தேதி இல்லாத மனுவைத் திருப்பி அனுப்பலாம். நான் பெருந்தன்மையாக அலுவலக முத்திரையைக் குத்தி, நானே தேதி போட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி அன்று மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

அறை கட்டுவது அவ்வளவு எளிதல்ல. அளத்து நிலம் ஒரு துறையுடையது, வரப்பை ஒட்டிய பாதை இன்னொரு துறையுடையது, கால்வாய்க் கரை மூன்றாவது துறையுடையது. தேவை இருக்கிறது என்று எழுதினால் மதிப்பீடு கேட்பார்கள். மதிப்பீடு கேட்டால் நில வரைபடம் வேண்டும். வரைபடம் வந்தால் மூன்று துறைகளுக்கும் கடிதம் எழுத வேண்டும். எழுத வேண்டியவன் நான்.

அதிகாரியும் நானும் தல ஆய்வுக்குப் போனோம். பதினோரு மணி. மேஸ்திரி கோவிந்தன் எங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். விதிப்படி வைக்கவேண்டிய குடிநீர்ப் பானைகள் இரண்டு வரப்பில் இருந்தன. ஈரத் துணி சுற்றி, மூடி போட்டு, டம்ளர் கவிழ்த்து. கோவிந்தன் மூடியைத் திறந்து காட்டினான்.

"ரெண்டும் ரொம்பி நிக்குது பாருங்க சார். தண்ணிக்கி ஒரு குறையும் வெக்கல."

அதிகாரி எட்டிப் பார்த்தார். தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. பெண்கள் உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காசியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோவிந்தன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஜீப்பில் திரும்பும்போது, இதற்கு என்ன எழுதுவது என்று அதிகாரி என்னைக் கேட்டார். நான் அலுவலகம் வந்து சேர்வதற்குள் வாக்கியம் தயார்.

"தல ஆய்வின்போது, வழங்கப்பட்டுள்ள குடிநீர் பயன்படுத்தப்படாமல் முழு அளவில் இருந்தது காணப்பட்டது. தொழிலாளர்கள் இப்பணிச் சூழலுக்கு நெடுங்காலமாகப் பழக்கப்பட்டவர்கள். எனவே மனுவில் கோரியுள்ள வசதிக்கான தேவை நிறுவப்படவில்லை."

நல்ல குறிப்பு. காரணம் இருக்கிறது, சாட்சியம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. 'நல்லா எழுதியிருக்கீங்க' என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார். கோப்பு முடிக்கப்பட்டது. மனுதாரருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி. முகவரியில் வீட்டு எண் இல்லை என்று அதையும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து மரக்காணம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. அவளாக எழுந்து நின்றாள்.

"நல்லாக்கிறீங்களா சார்?"

எங்கே போகிறாய் என்றேன். பாண்டி ஆஸ்பத்திரிக்கு, கிட்னியில் கோளாறு என்கிறார்கள் என்றாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்தவள் மாதிரி, "அந்த ரூமு எப்ப சார் வரும்?" என்றாள்.

"ஃபைல் மேல போயிருக்கும்மா."

"சரிங்க சார். எங்களுக்குப் பழகிடுச்சு. புதுசா வர்ற பொண்ணுங்கதான் பாவம்."

அவள் பஸ் முதலில் வந்தது. ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

5

ஆகஸ்டில் ஒரு மாலை ஜெசிந்தா காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தேன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, பற்கள் தந்தியடித்தன. இடுப்புக்கு மேலே, முதுகில், கை வைக்க முடியவில்லை. ஆல்பர்ட் லாரியோடு இரண்டு மாகாணம் தள்ளி இருந்தார். ஆம்புலன்ஸை வரவழைத்தது எவ்லின்தான். நான் போனில் பேசிய ஆங்கிலம் மறுமுனையில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. 'மை டாட்டர் இஸ் ஹேவிங் ஃபீவர் அண்ட் ரிகர்' என்று மூன்று முறை சொன்னேன். எவ்லின் என் கையிலிருந்து போனை வாங்கி, ஒரே வாக்கியத்தில் முடித்தாள்.

மருத்துவமனையில் நரைத்த முடியுள்ள பெண் மருத்துவர். சிறுநீரகத்தில் தொற்று என்றார். பிறகு ஜெசிந்தாவிடம், ஒரு நாளில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போவாய் என்று கேட்டார்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு முறை, மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரு முறை என்றாள்.

நடுவில்?

"நடுவில் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் பிரச்சினை இல்லை" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பாடம் ஒப்பிப்பவள் மாதிரி.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கார் நிறுத்தும் இடம்; நான் பார்த்தது இரண்டு பானைகள்.

ஒரு சிறுநீரகத்தில் வடு விழுந்திருக்கிறது, இன்னொரு முறை இப்படி வந்தால் மற்றதும் போகலாம், மணிக்கு ஒருமுறை குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கிடங்குக்குத் தருவதற்கு அந்தக் கடிதத்தையும் கேட்காமலேயே கொடுத்தார் மருத்துவர். கேட்காமல் ஒரு காகிதம் கிடைத்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

கடிதத்தைக் கொடுக்க ஜெசிந்தா சம்மதிக்கவில்லை. ஆய்வகத்தில் ஒருவர் வருட முடிவில் ஓய்வு பெறுகிறார், இந்த நேரத்தில் குறை சொல்லும் ஆள் என்று பெயர் வாங்க வேண்டுமா என்றாள்.

"எனக்குப் பழகிடுச்சுப்பா. விடுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. என் மகளிடம் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. பழகவில்லை, உடம்பு எதற்கும் பழகுவதில்லை, பழகிவிட்டது என்பது எழுதுகிறவன் எழுதிக்கொள்வது என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். கையேட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து வரைவு எழுதினேன். பணிவுடன் சமர்ப்பிக்கிறேன் என்று தொடங்கி, தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு என்று முடித்து, நடுவில் கழிப்பறைக்கு 'லேட்ரின்' என்று போட்டிருந்தேன். எவ்லின் அந்தச் சொல்லைப் பார்த்துத் தரையில் விழுந்து சிரித்தாள். ஜெசிந்தாவும் சிரித்தாள், முதுகைப் பிடித்துக்கொண்டு. "அப்பா, இது வெள்ளக்காரனே மறந்துட்ட இங்கிலீஷ்" என்று சொல்லிவிட்டு, கருணையையும் பணிவையும் எடுத்துவிட்டாள். விதி எண்ணை மட்டும் எடுக்க விடவில்லை நான். செப்டம்பர் இரண்டாம் திங்கள் அது போய்ச் சேர்ந்தது.

6

பத்து வேலை நாட்கள் முடிந்தன. பதினோராம் நாள் நினைவூட்டல் அனுப்பினோம். பெறப்பட்டது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. நானும் அந்தக் காலத்தில் ரப்பர் முத்திரை வைத்திருந்தேன். அக்டோபரில் இரண்டாவது நினைவூட்டல். விண்ணப்பம் தவறான படிவத்தில் இருக்கிறது என்று பதில். சரியான படிவத்தில் கொடுத்தோம். அக்டோபர் கடைசியில், அதைப் பார்க்கும் அலுவலர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். நவம்பரில் அவர் திரும்பிவந்தார், ஆனால் வேறு பிரிவுக்கு. ஒவ்வொரு அடியையும் முந்தின நாளே ஜெசிந்தாவிடம் சொல்லிவிடுவேன். நாளைக்கு மருத்துவரின் கடிதம் பழையது என்பார்கள் என்றேன், அப்படியே எழுதினார்கள். புதிய கடிதம் வாங்கிக் கொடுத்தோம். உங்களுக்கு ஜோசியம் தெரியுமா என்றாள். ஜோசியம் இல்லை, ஒவ்வொரு படியையும் நான் ஒருமுறையாவது ஏறியிருக்கிறேன், மறுபக்கத்திலிருந்து.

இதற்கிடையில் அவள் குடிக்கத்தான் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பாட்டில் காலியாக வரும். கூடவே மஞ்சள் விளக்குகளும் வந்தன. ஒரு வாரம் நான்கு, அடுத்த வாரம் ஆறு. மேற்பார்வையாளர் சிரித்த முகத்துடன் இரண்டு முறை பேச வந்தார். இரண்டாவது முறை, ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும்போது இந்த எண்களையும் பார்ப்பார்கள் என்று நல்லெண்ணத்தில் சொன்னாராம். அக்டோபரில் பாட்டில் பாதியாக வந்தது. நவம்பரில் முக்கால். மாலையில் பாட்டிலைத் தூக்கும்போதே எனக்கு அன்றைய கணக்கு தெரிந்துவிடும். நான் கேட்பதில்லை.

நவம்பர் கடைசியில் பனி விழுந்தது. இங்கே பனி விழுந்தால் லாரியில் உப்பு கொண்டுவந்து சாலையில் இறைப்பார்கள். முதல் வருடம் அதைப் பார்த்தபோது ஓடிப்போய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பழுப்பு நிறம், மண் கலப்பு. எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் தரத்தில்கூடச் சேர்த்திருக்க மாட்டோம். இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இறங்கும்போது, ஜெசிந்தாவின் பூட்ஸுக்குக் கீழே அந்த உப்பு நொறுங்கியது. அங்கே வைத்துத்தான் காசியம்மாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். மனு, பானை, என் வாக்கியம், பஸ் நிலையம், எல்லாம். ஆல்பர்ட்டும் எவ்லினும் முன்னால் காருக்குப் போய்விட்டார்கள்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்தம்மா இருக்காங்களா?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். விசாரிக்கவில்லை.

"ரூமு?"

நான் ஓய்வு பெறும்வரை கட்டவில்லை. அதற்குப் பிறகு தெரியாது. தம்பியிடம் போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவள் கொஞ்ச தூரம் நடந்தாள். "பானை ஏன் காலியாகலன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமாப்பா?"

மனுவிலேயே எழுதியிருந்தது என்றேன்.

அவள் கார் கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

7

பதில் தபாலில் வந்தது. மின்னஞ்சலில் கேட்டதற்குத் தபாலில் பதில் அனுப்பினால், முறையாக யோசித்துச் செய்தது போல இருக்கும். அதுவும் எனக்குத் தெரிந்த வித்தைதான். நீளமான உறை, நல்ல தாள், இரண்டு கையெழுத்துகள். ஜெசிந்தா வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

மூன்று பத்திகள். முதல் பத்தி அவளுடைய உடல்நலத்தில் நிறுவனத்துக்கு உள்ள அக்கறையைச் சொன்னது. மூன்றாவது, இரண்டாம் நிலைப் பயிற்சியில் சேர அவளை அழைத்தது. நடுப் பத்தியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: விண்ணப்பதாரர் இப்பணியிடத்தில் பதினான்கு மாதங்கள் எந்த மாற்றமும் இன்றிச் சிறப்பாகப் பணியாற்றியுள்ளார். மன உறுதிப் பயிற்சியையும் சிறப்பாக முடித்துள்ளார். அண்மை வாரங்களில் அவர் கழிப்பறைக்குச் செல்வது படிப்படியாகக் குறைந்திருப்பதைக் கருவியின் பதிவுகள் காட்டுகின்றன. எனவே கோரப்பட்ட மாற்றத்துக்கான தேவை நிறுவப்படவில்லை.

இரண்டாவது முறை படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். ஒரு குற்றமும் இல்லை. காரணம் இருந்தது, சாட்சியம் இருந்தது, முடிவு இருந்தது. முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் அவர்கள் என்னைவிட நல்லவர்கள். இதை எழுதியவர் எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

மேல்முறையீடு போடலாம், நாளைக்கே வரைவு எழுதுகிறேன் என்று சொன்னேன்.

ஜெசிந்தா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பையைத் திறந்து பாட்டிலை எடுத்து என் முன்னால் மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே நிறைய இருப்பது தெரிந்தது.

"போடுங்கப்பா. ஆனா நாளைக்கி இத நிரப்பாதீங்க. தூக்கிட்டு நடக்க கனமா இருக்குது."

மாடிக்குப் போய்விட்டாள். எவ்லின் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை, காகிதம் வந்திருக்கிறது என்றேன்.

காகிதம் எதுவானாலும், வந்த உடன் வலது மேல் மூலையில் பென்சிலால் தேதி போடுவது எங்கள் அலுவலகத்தில் முதல் பாடம். எவ்லினிடம் பென்சில் வாங்கினேன். எழுதினேன்: பெறப்பட்டது, டிசம்பர் 11.